லினாக்கில் கற்றையைக் குவிப்பது எப்படி? முதலில் இறுக்குவதை நிறுத்துங்கள்

நேர்கோட்டு முடுக்கி (மின்னூட்டத் துகள்களின் கற்றையை நேர்கோட்டில் முடுக்கும் இயந்திரம், இனி லினாக் என்றே சொல்கிறேன்) வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே எண்ணம்தான் இருக்கும்: கற்றை விரிகிறதா, ஒரு காந்தத்தைப் போட்டு இறுக்கு, இன்னும் விரிகிறதா, இன்னும் இறுக்கு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதன்முதலில் கணினியில் ஒரு சின்னக் காந்த வரிசையை ஓட்டிப் பார்த்தபோது, கற்றை குழாய்ச் சுவரை உரசுகிறதே என்று எல்லாக் காந்தங்களின் வலிமையையும் இரட்டிப்பாக்கினேன். சில காந்தங்களைத் தாண்டுவதற்குள் கற்றையே காணாமல் போயிற்று. நிரலில்தான் பிழை என்று அரை நாள் தேடினேன். பிழை நிரலில் இல்லை, என் தலையில்.

அந்த அரை நாள் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எந்த வரிசையில் யோசிப்பது, எங்கே எதைக் கணக்கிடுவது என்பதுதான் விஷயம். லென்ஸ், குவியத் தூரம், உந்தம் ஆகியவை தெரிந்தால் போதும். பெரும்பாலும் புரோட்டான் லினாக்கை வைத்தே பேசுகிறேன், ஏனென்றால் குவிப்பதில் உள்ள தலைவலி எல்லாம் அங்கேதான்.

1. ஏன் விரிகிறது என்று பிரித்துப் பாருங்கள்

மூன்று காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, அயனி மூலத்திலிருந்து வரும்போதே ஒவ்வொரு துகளும் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்துதான் வருகிறது. துகள் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ஓர் அச்சிலும் எவ்வளவு சாய்ந்து போகிறது என்பதை மற்றோர் அச்சிலும் வைத்துப் புள்ளி போட்டால், ஏறக்குறைய ஒரு நீள்வட்டம் கிடைக்கும். அதன் பரப்பைக் குறிப்பதுதான் எமிட்டன்ஸ். நல்ல லென்ஸ் இந்த நீள்வட்டத்தைச் சாய்க்கும், ஒரு பக்கம் நீட்டி மறுபக்கம் ஒல்லியாக்கும், ஆனால் பரப்பைக் குறைக்கவே குறைக்காது. ஆகவே ஓர் இடத்தில் கற்றையை ஊசிமுனையாக்கினால், அதே இடத்தில் சாய்வு எகிறியிருக்கும்; அடுத்த சில சென்டிமீட்டரில் அது முன்பைவிட வேகமாக விரியும்.

இரண்டாவது, ஒரே மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இதை ஸ்பேஸ் சார்ஜ் என்பார்கள். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஒரே திசையில் ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் அல்லவா, துகள்கள் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க அந்தக் காந்த ஈர்ப்பு மின் விலக்கலைக் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். எனவே இது முக்கியமாக மெதுவாகப் போகும் கற்றையின் நோய்.

மூன்றாவதைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்: முடுக்கும் இடைவெளியே கற்றையை விரிக்கிறது. இரண்டு உலோகக் குழாய்களுக்கு நடுவே ஓர் இடைவெளி, அதில் ஊசலாடும் மின்புலம். புலக்கோடுகள் முதல் குழாயின் வாயிலிருந்து கிளம்பி அச்சை நோக்கி வளையும், பிறகு அச்சை விட்டு விலகி அடுத்த குழாயின் விளிம்பில் போய்ச் சேரும். ஆக, நுழையும்போது துகளுக்கு உள்நோக்கிய தள்ளல், வெளியேறும்போது வெளிநோக்கிய தள்ளல். இரண்டும் சமமாக இருந்தால் கவலையில்லை. ஆனால் துகள்கள் கொத்தாகச் சேர்ந்தே போக வேண்டுமானால், புலம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவை இடைவெளியைக் கடக்க வேண்டும். அப்போதுதான் பின்தங்கி வரும் துகளுக்குக் கூடுதல் உதை கிடைத்து அது கூட்டத்தோடு சேரும். புலம் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால், வெளியேறும் நேரத்தில் அது நுழைந்த நேரத்தைவிட வலுவாக இருக்கிறது என்று அர்த்தம். வெளிநோக்கிய தள்ளல் ஜெயித்துவிடும். நீளவாக்கில் ஒழுங்கு வேண்டுமென்றால் பக்கவாட்டில் விலை கொடுத்தே தீர வேண்டும்.

1940களின் கடைசியில் பெர்க்லியில் லூயிஸ் ஆல்வாரெஸ் குழு கட்டிய 32 எம்இவி (மெகா எலக்ட்ரான் வோல்ட்) புரோட்டான் லினாக்கில் இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் செய்தார்கள்: குழாய்களின் வாயில் உலோக வலைகளைக் கட்டிப் புலக்கோடுகளின் வடிவத்தையே மாற்றினார்கள். குவிந்தது, ஆனால் துகள்களில் ஒரு பங்கு வலைக் கம்பிகளிலேயே மோதி வீணாயிற்று.

2. உந்தத்தைக் கணக்கிடாமல் எதையும் தொடாதீர்கள்

எந்தக் கருவி எங்கே வேலை செய்யும் என்பதை உந்தம்தான் முடிவு செய்கிறது. இயக்க ஆற்றலின் வர்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு இயக்க ஆற்றல், ஓய்வு ஆற்றல், 2 மூன்றையும் பெருக்கிக் கூட்டுங்கள், வர்க்கமூலம் காணுங்கள். புரோட்டானின் ஓய்வு ஆற்றல் 938.27 எம்இவி. விடையை ஒளிவேகத்தால் வகுத்தால் உந்தம். அந்த வகுத்தலை அலகிலேயே விட்டுவிடுவது வழக்கம் என்பதால் நானும் எம்இவி என்றே எழுதுகிறேன்.

ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் உள்ள லினாக்4-இன் ஆற்றல்களையே எடுத்துக்கொள்வோம். மூலத்தை விட்டு வரும்போது 45 கேஇவி (0.045 எம்இவி): உந்தம் சுமார் 9.2. அடுத்த கட்டம் 3 எம்இவி: உந்தம் 75. கடைசியில் 160 எம்இவி: உந்தம் 571. (லினாக்4 முடுக்குவது எலக்ட்ரான் ஒன்று கூடுதலாக உள்ள ஹைட்ரஜன் எதிர் அயனியை, எடை கிட்டத்தட்ட புரோட்டானுடையதுதான், கணக்கு மாறாது.)

வேகத்தையும் பாருங்கள். 45 கேஇவி-இல் ஒளிவேகத்தில் ஒரே ஒரு சதவீதம், 3 எம்இவி-இல் 8 சதவீதம். காந்த விசை வேகத்தைப் பொறுத்தது. ஒளிவேகத்தில் போகும் துகளுக்கு 1 டெஸ்லா காந்தப்புலம் கொடுக்கும் விசை, மீட்டருக்கு 30 கோடி வோல்ட் மின்புலம் கொடுப்பதற்குச் சமம். அப்படியொரு மின்புலத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதே 1 டெஸ்லா, ஒரு சதவீத வேகத்தில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டுக்குத்தான் சமம், ரேடியோ அலைவெண் மின்புலங்கள் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே மெதுவான இடத்தில் மின்புலம், வேகமான இடத்தில் காந்தம். மீதியெல்லாம் இதற்கு உரைதான்.

3. மூலத்தை விட்டு வந்தவுடன்: வரிச்சுருள்

இங்கே இரண்டு தேர்வுகள். மூன்று வளையங்களை வரிசையாக வைத்து நடு வளையத்துக்கு மட்டும் வேறு மின்னழுத்தம் கொடுக்கும் ஐன்செல் லென்ஸ் ஒன்று. வரிச்சுருள், அதாவது சாலினாய்டு, இன்னொன்று. கற்றையின் மின்னோட்டம் அதிகம் என்றால் நான் யோசிக்காமல் வரிச்சுருளைத்தான் சொல்வேன். காரணம் இதுதான்: குழாயில் மிச்சமிருக்கும் வாயுவைக் கற்றை அயனியாக்கும்போது உண்டாகும் எலக்ட்ரான்கள் நேர்மின் கற்றைக்குள்ளேயே தங்கி, அதன் விலக்கலைப் பெருமளவு தணித்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் இந்த உதவியை ஐன்செல் லென்ஸின் மின்புலம் துடைத்து எறிந்துவிடும், வரிச்சுருள் தொந்தரவு செய்யாது.

அச்சுக்கு இணையாக ஓடும் புலம் எப்படிக் குவிக்கும் என்று குழம்புவீர்கள். வேலை நடப்பது ஓரத்தில். சுருளின் வாயில் புலம் ஆரவாக்கில் வளைந்திருக்கும், அது துகளைச் சுழல வைக்கும். சுழன்றுகொண்டே உள்ளே போகும் துகளை உள்ளிருக்கும் நேர்ப்புலம் அச்சை நோக்கி இழுக்கும். இரண்டு திசையிலும் ஒரே சமயத்தில் குவிப்பதுதான் இதன் அழகு. உபவிளைவாகக் கற்றை முழுவதும் சுழன்றுவிடும்.

எண்களில் பாருங்கள். 25 செ.மீ. நீளம், 0.2 டெஸ்லா, 45 கேஇவி புரோட்டான்: குவியத் தூரம் ஏறக்குறைய 40 செ.மீ., சுழற்சி சுமார் 47 டிகிரி. பிரமாதம். இதே சுருளை 3 எம்இவி-இல் வைத்தால் குவியத் தூரம் சுமார் 25 மீட்டர் ஆகிவிடும். உந்தம் 8 மடங்கு ஏறினால் வரிச்சுருளின் பலம் அதன் வர்க்கத்தில், சுமார் 67 மடங்கு, விழுகிறது. அதற்கு மேலும் வரிச்சுருளே வேண்டுமென்றால் பல டெஸ்லா தரும் மீக்கடத்திச் சுருளுக்குத்தான் போக வேண்டும். மீக்கடத்தி லினாக்குகளின் தாழ் ஆற்றல் பகுதியில் அப்படிச் செய்கிறார்கள்.

4. அடுத்த சில மீட்டர்: ஆர்எஃப்க்யூ

ரேடியோ அலைவெண் நான்முனை என்பதன் சுருக்கம். நான்கு நீண்ட உலோகத் தகடுகள் அச்சைச் சுற்றி நிற்கும், எதிரெதிர்த் தகடுகளுக்கு ஒரே குறி, அடுத்தடுத்ததற்கு எதிர்க்குறி, குறி ஒவ்வோர் அலைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் துகளுக்குக் குவிப்பும் விரிப்பும் மாறி மாறிக் கிடைத்து, மொத்தத்தில் குவிப்பு மிஞ்சும் (ஏன் மிஞ்சுகிறது என்பது அடுத்த பகுதியில்). தகடுகளின் விளிம்பை அலை அலையாகச் செதுக்கினால் நீளவாக்கிலும் புலம் கிடைக்கும். அதுவே கற்றையைக் கொத்துக்கொத்தாக்கி முடுக்கவும் செய்யும். சோவியத் நாட்டின் கப்சின்ஸ்கியும் தெப்லியாகோவும் 1970-ஐ ஒட்டி முன்வைத்த யோசனை இது. 1980-இல் லாஸ் அலமாஸில் செய்து காட்டிய பிறகு உலகம் முழுக்கப் பரவிற்று. லினாக்4-இல் மூன்று மீட்டர் நீளத்தில் 45 கேஇவி-ஐ 3 எம்இவி ஆக்குகிறது.

புதியவருக்கு இங்கே வேலை குறைவு. இயந்திரத்தில் செதுக்கி முடித்த பிறகு நீங்கள் திருகுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. உள்ளே அனுப்பும் கற்றையைச் சரியாகக் கூம்பவைத்து அனுப்புவது மட்டுமே உங்கள் பொறுப்பு, அதற்குத்தான் முன்னால் வைத்த வரிச்சுருள்.

5. நான்முனைக் காந்தங்கள்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

நான்முனைக் காந்தம், பேச்சில் குவாட், ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கும் சாதனம். கிடைவாக்கில் குவித்தால் செங்குத்துவாக்கில் விரிக்கும். இரண்டிலும் குவிக்க அதனால் முடியவே முடியாது, மின்காந்த விதிகள் விடாது. ஆனால் பலம் விழுவது உந்தத்துக்கு நேர் விகிதத்தில் மட்டுமே, வர்க்கத்தில் அல்ல. அதனால்தான் வேகமான கற்றைக்கு இதுவே கதி.

தீர்வு, அடுத்தடுத்த காந்தங்களை 90 டிகிரி திருப்பி வைப்பது. ஒன்று குவிக்கும், அடுத்தது விரிக்கும். கூட்டினால் பூஜ்யம்தானே என்று தோன்றும். இல்லை. குவாட்டின் விசை அச்சிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்தது. குவிக்கும் காந்தத்தைத் தாண்டிய துகள் அச்சுக்குக் கிட்ட வந்துவிட்டது, ஆகவே விரிக்கும் காந்தம் அதை லேசாகத்தான் தள்ளும். விரிக்கும் காந்தத்தைத் தாண்டியது தள்ளிப் போய்விட்டது, ஆகவே அடுத்த குவிக்கும் காந்தம் பலமாக இழுக்கும். இழுப்பு எப்போதும் தூரத்தில், தள்ளல் எப்போதும் கிட்டத்தில். இந்த யோசனையை கூரான்ட், லிவிங்ஸ்டன், ஸ்னைடர் மூவரும் புரூக்ஹேவனில் 1952-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டே ஜான் புளூவெட் இதை லினாக்குக்குப் பொருத்திக் காட்ட, வலைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஏதென்ஸில் லிஃப்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் நிகோலஸ் கிறிஸ்டோஃபிலோஸ் இதையே 1950-இல் தனியாகக் கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார் என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிய வந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது, சரி, கணக்குக்கு வருவோம்.

குவாட்டின் பலத்தை மீட்டருக்கு இத்தனை டெஸ்லா என்று சரிவாகச் சொல்வார்கள். 0.3-ஐச் சரிவால் பெருக்கி, உந்தத்தால் (இந்த இடத்தில் மட்டும் உந்தம் ஜிஇவி அலகில், அதாவது 75 எம்இவி என்றால் 0.075) வகுத்து, காந்தத்தின் நீளத்தால் பெருக்கினால் வருவது குவியத் தூரத்தின் தலைகீழ். 3 எம்இவி, மீட்டருக்கு 50 டெஸ்லா, 5 செ.மீ. நீளம்: விடை 10, அதாவது குவியத் தூரம் 10 செ.மீ. துளையின் ஆரம் 1 செ.மீ. என்றால் முனையில் புலம் 0.5 டெஸ்லா, இரும்பு தாங்கும். அடுத்தடுத்த காந்தங்களுக்கு மையத்திலிருந்து மையம் 10 செ.மீ. என்று வையுங்கள், ஆக ஒரு முழுச் சுற்று, அதாவது ஒரு குவிப்பும் ஒரு விரிப்பும் சேர்ந்தது, 20 செ.மீ.

இப்போது முக்கியமான எண். சுற்றின் நீளத்தைக் குவியத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுங்கள்: 20-ஐ 40-ஆல் வகுக்க 0.5. எந்தக் கோணத்தின் சைன் 0.5? 30 டிகிரி. அதை இரட்டித்தால் 60 டிகிரி. ஒரு சுற்றில் துகளின் ஊசலாட்டம் 60 டிகிரி முன்னேறுகிறது, ஆறு சுற்றில் ஒரு முழு ஊசல். இதைக் கட்ட முன்னேற்றம் என்பார்கள்.

சரிவை மட்டும் 70-க்கு ஏற்றிப் பாருங்கள், கோணம் கிட்டத்தட்ட 90 ஆகிறது. 100-க்கு ஏற்றுங்கள், சைன் 1, கோணம் 180. அவ்வளவுதான், அதற்கு மேல் ஊசலாட்டமே கிடையாது, ஒவ்வொரு காந்தமும் துகளை முந்தையதைவிட வெளியே தள்ளும். நான் அன்று இரட்டிப்பாக்கியபோது நடந்தது இதுதான். லென்ஸ் மிகப் பலமாக இருந்ததால் துகள் அடுத்த காந்தத்துக்கு முன்பே அச்சைக் குறுக்கே கடந்து மறுபக்கம் தூரமாய்ப் போய் நின்றது.

180 வரை போகாவிட்டாலும் லாபமில்லை. இந்தச் சுற்றில் கற்றையின் மிக அகலமான இடம் எவ்வளவு அகலம் என்று கணக்கிட்டால், சுமார் 76 டிகிரியில் அது மிகக் குறைவு. அதைத் தாண்டி இறுக்க இறுக்க அது அதிகரிக்கிறது. 150 டிகிரியில் ஒன்றரை மடங்கு. மின்னோட்டம் அதிகமுள்ள கற்றையில் 90-ஐத் தாண்டினால் ஸ்பேஸ் சார்ஜும் சேர்ந்துகொண்டு கற்றையின் உருவமே நிலைகுலையும். ஆகவே புதிதாக வரைகிறவருக்கு நான் சொல்வது 60-இல் தொடங்குங்கள், 80-ஐத் தாண்டாதீர்கள். (மேலே சொன்ன கணக்கில் இடைவெளிகளின் விரிப்பையும் ஸ்பேஸ் சார்ஜையும் சேர்க்கவில்லை, சேர்த்தால் கோணம் கொஞ்சம் குறையும்.)

மின்காந்தமா நிலைக்காந்தமா என்ற கேள்வி வரும். லினாக்4-இன் ஆல்வாரெஸ் பகுதியில் (முதலில் சொன்ன குழாயும் இடைவெளியும் கொண்ட வகை) குழாய்களுக்குள் நிலைக்காந்தங்கள் இருக்கின்றன. கம்பி வேண்டாம், குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம், சின்னக் குழாய்க்குள் அடங்கும். ஆனால் ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், திருத்த முடியாது. கணக்கில் நம்பிக்கை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

6. பொருத்துவது

காந்த வரிசை சரியாக இருந்தால் மட்டும் போதாது. 60 டிகிரிச் சுற்றில் ஒழுங்காகப் போகும் கற்றை, குவிக்கும் காந்தத்தில் இருக்கும்போது விரிக்கும் காந்தத்தில் இருப்பதைவிட சுமார் 1.7 மடங்கு அகலமாக இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இதே மூச்சு. வரிசையின் வாசலில் வந்து சேரும் கற்றைக்கு அந்த அகலமும் அந்தச் சாய்வும் இல்லையென்றால் இந்த மூச்சுக்கு மேல் இன்னோர் ஊசலாட்டம் ஏறிக்கொள்ளும். ஓரத்துத் துகள்கள் அதிலிருந்து ஆற்றலைத் திருடிக்கொண்டு கற்றையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமாய்ப் பரவும். அந்த வளையம்தான் சுவரில் மோதி உலோகத்தைக் கதிரியக்கமாக்குகிறது. மனிதர் கைவைத்துப் பழுது பார்க்கும்படி இருக்க வேண்டுமானால் மீட்டருக்கு 1 வாட்டுக்கு மேல் கற்றையை இழக்கக் கூடாது என்பது இத்துறையின் எல்லைக்கோடு. பத்து லட்சம் வாட் சுமக்கும் கற்றையில் ஒரு வாட்.

பொருத்த நான்கு குவாட்கள் வேண்டும். இரண்டு திசைக்கும் அகலம் ஒன்று, சாய்வு ஒன்று, ஆக நான்கு எண்கள், நான்கு திருகுகள். மூன்றை வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்பவரிடம் நான்காவது எண் எங்கே என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் ஓக் ரிட்ஜில் உள்ள நியூட்ரான் ஆலையின் லினாக், அப்போது ஹைட்ரஜன் எதிர் அயனியை ஏறக்குறைய 100 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரை முடுக்கிவந்தது. அதன் மீக்கடத்திப் பகுதியில் எதிர்பாராத இழப்பு தெரிந்தது. இயக்குபவர்கள் குவாட்களின் பலத்தை வடிவமைப்பில் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைத்துப் பார்த்தார்கள்; இழப்பு குறைந்தது! கற்றை பருத்த பிறகுதான் சுத்தமாக ஓடியது. காரணம் பின்னால் புரிந்தது. அந்த அயனியின் இரண்டாவது எலக்ட்ரான் வெறும் 0.75 எலக்ட்ரான் வோல்ட்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கற்றையை இறுக்கினால் அயனிகள் ஒன்றோடொன்று உரசி அதை உதிர்த்துவிடும். எலக்ட்ரானை இழந்த அயனிகள் மின்னூட்டமில்லாமல் காந்தத்துக்குக் கட்டுப்படாமல் நேரே சுவருக்குப் போகும். ஆரம்பத்திலேயே மெல்லிய படலத்தை நீட்டி எலக்ட்ரான்களை உரித்துப் புரோட்டானாக ஓட்டிப் பார்த்தபோது இழப்பு வெகுவாகக் குறைந்தது, சந்தேகம் தீர்ந்தது.

7. மையமும் அளவீடும்

குவாட் அச்சிலிருந்து விலகியிருந்தால் அது கற்றையைத் திருப்பிவிடும். திரும்பும் கோணம், விலகலைக் குவியத் தூரத்தால் வகுத்தது. நம் 10 செ.மீ. காந்தம் 0.1 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன், நகர்ந்திருந்தால் கற்றை ஒரு மில்லிரேடியன் திரும்பும். ஒரு மீட்டர் தள்ளி 1 மி.மீ. இடம் மாறியிருக்கும். பலமான லென்ஸ் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு குவாட்டின் மின்னோட்டத்தை லேசாக ஆட்டுங்கள், கற்றைப் பாதையில் அடுத்து வரும் நிலைகாட்டியில் கற்றையின் மையம் ஆடினால் கற்றை அந்த குவாட்டின் நடுவே போகவில்லை.

எமிட்டன்ஸை அளக்கவும் குவாட் போதும். ஒரு குவாட்டின் பலத்தைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் தொலைவில் உள்ள திரையில் கற்றையின் அகலத்தை அளந்து, அகலத்தின் வர்க்கத்தை வரையுங்கள். ஒரு பரவளையம் வரும், அதன் மூன்று எண்களில் எமிட்டன்ஸும் வந்த கற்றையின் சாய்வும் ஒளிந்திருக்கின்றன. பரவளையத்தின் அடிப்பகுதியின் இரு பக்கமும் புள்ளிகள் இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அளந்துவிட்டு வந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. ஸ்பேஸ் சார்ஜ் அதிகமுள்ள கற்றைக்கு இந்த எளிய கணக்கு பொய் சொல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

8. எலக்ட்ரானாக இருந்தால்

பாதிக் கட்டுரையைத் தூக்கிப் போடலாம். 1 எம்இவி-யிலேயே எலக்ட்ரான் ஒளிவேகத்தில் 94 சதவீதம் வந்துவிடும், ஸ்பேஸ் சார்ஜும் இடைவெளி விரிப்பும் சீக்கிரம் அடங்கிவிடும். எலக்ட்ரானை உமிழும் துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு வரிச்சுருள், அப்புறம் அங்கங்கே குவாட்கள். அங்கே வில்லன் வேறு: கொத்தின் தலைப்பகுதி சுவரில் விட்டுச் செல்லும் மின்புலம் வாலை உதைப்பது. குவாட்கள் நன்றாக மையத்தில் இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

9. முதல் நாள் கற்றைக்கு முன்

ட்ரேஸ்வின், எலிகன்ட், ஆஸ்ட்ரா என்று மென்பொருள்கள் உண்டு. புரோட்டானுக்கு முதலாவது, எலக்ட்ரானுக்கு மற்ற இரண்டும் வசதி. ஆனால் மேலே போட்ட கணக்கைக் கையால் போட்டுவிட்டே அவற்றைத் திறவுங்கள், விடை பத்து மடங்கு தப்பினால் உடனே தெரியும்.

கடைசியாக, காந்தப்புலத்தை அளக்கும் ஹால் ஆய்வுக்கருவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குவாட்டின் முனையிலும் குறியைப் பாருங்கள். வரைபடத்தை மூலத்தின் பக்கமிருந்து பார்த்து வரைந்தார்களா, எதிர்ப்பக்கமிருந்தா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதில்தான். கணக்கைப் புரோட்டானுக்குப் போட்டுவிட்டு எதிர் அயனியை ஓட்டினால் குவிப்பதெல்லாம் விரிக்கும், விரிப்பதெல்லாம் குவிக்கும். வரிசைக்கு அதில் கவலையில்லை, கிடையும் செங்குத்தும் இடம் மாறிக்கொள்ளும். பொருத்தும் நான்கு குவாட்களுக்கு மட்டும் மறுபடி கணக்குப் போட வேண்டும்.